கேட்டைத் தொறக்காத அம்மாச்சி

ஒரு ஊர்ல ஒரு ரயில்வே கேட் இருந்துச்சு.

"கேட்டா? ராஜா இல்லையாம்மா?"

ராஜா இல்ல. கேட்தான். இந்தப் பக்கம் ஊரு, அந்தப் பக்கம் டவுனு, நடுவுல ரெண்டு தண்டவாளம். ரோட்டுக்குக் குறுக்க செவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட நீளக் கம்பு. பக்கத்துல ஒரே ஒரு ரூமு. உள்ள ஒரு போன், ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரு தண்ணிப் பானை. அந்தக் கேட்டை யாரு காத்தாங்க தெரியுமா?

"எங்க அம்மாச்சி!"

அடியே, கதையில வர்றவங்க பேரை நான்தான் சொல்லணும். நீ ம் மட்டும் கொட்டு.

"ம்."

எவிக்கு அஞ்சு வயசு. செவ்வாய்க்கிழமை ஸ்கூல்ல இருந்தே நேரா அவளைப் பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டோம். இன்னைக்குச் சாயங்காலம்தான் வந்தா. செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே கேட்டா: "அம்மாச்சி ஆஸ்பத்திரில இருந்து எப்ப வருவாங்க?" என் வீட்டுக்காரர் என்னைப் பாத்தார். நான் தோசைக்கல்லைப் பாத்தேன். அம்மாவை அடக்கம் பண்ணி ரெண்டு நாள் ஆச்சு. "இன்னைக்கே சொல்லிடு ஜெனி, நாளைக்கு ஸ்கூல்ல வேற யாராவது சொல்லித்தான் அவளுக்குத் தெரியணுமா"ன்னு அவர் கேட்டார். படுக்க வைக்கும்போது கதையோட கதையா சொல்லிடறேன்னு ஒத்துக்கிட்டேன். தினமும் எங்க அம்மா படுத்துக் கதை சொல்ற இடத்துல இப்ப நான் படுத்திருக்கேன். தலகாணியில தைல வாசனை இன்னும் போகல. கதை முடியறதுக்குள்ள சொல்லியாகணும்.

"ம்," னா எவி மறுபடியும். "ம் கொட்டிட்டேன்ல, சொல்லு."

அந்தக் கேட்டுக்கு ஒரு அம்மா வந்தாங்க. பேரு பிலோமினா. அவங்க வீட்டுக்காரர் தண்டவாளத்துல கேங்மேன். போல்ட்டு லூசா இருக்கான்னு சுத்தியல்ல தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே மைல் கணக்கா நடப்பார். ணங்... ணங்... ணங்... ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தார், அப்புறம் எந்திரிக்கல. அப்போ அவங்க பொண்ணுக்கு நாலு வயசு.

"அது நீ."

ம்.

"நீ ஏன் ம் கொட்டுற? நான்தான் கொட்டணும்."

சரி சரி. அப்புறம் ரயில்வேயில கூப்பிட்டு, அவர் வேலைக்குப் பதிலா உனக்குக் கேட் வேலை தர்றோம்னு சொன்னாங்க. அத்துவானக் காட்டுல ஒத்தைப் பொம்பள எப்படி இருப்பாள்னு சொந்தக்காரங்க எல்லாம் வாய்ல கையை வச்சாங்க. பிலோமினா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "அவ்ளோ பெரிய கம்பை யாரு தூக்குறது?" சக்கரம் இருக்கும்மா, கைப்பிடியைப் புடிச்சுச் சுத்தினா தானா ஏறும்னு சொன்னாங்க. "அப்போ மாவாட்டுற மாதிரிதானே, குடுங்க"ன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க.

"ஹி ஹி. மாவாட்டுற மாதிரி."

அப்புறம் வேலையைச் சொல்லிக் குடுத்தாங்க. ட்ரிங்... ட்ரிங்... போன் அடிக்கும். எடுத்தா ஸ்டேஷன் மாஸ்டர். "வண்டி வருது, கேட்டை மூடு." உடனே ஓடணும். கிர்ர்க் கிர்ர்க் கிர்ர்க்னு சுத்தி, கம்பை இறக்கி, பூட்டைப் போட்டு, சாவியைக் கொண்டாந்து ரூமுக்குள்ள ஆணியில மாட்டணும். அப்புறம் போனை எடுத்து ஒரு நம்பர் சொல்லணும். ரகசிய நம்பர். ஒரு நோட்டுல வரிசையா அச்சடிச்சிருக்கும், ஒரு வண்டிக்கு ஒண்ணு. சொன்னதை அடிச்சிட்டு அடுத்த வண்டிக்கு அடுத்தது. அந்த நம்பரை வாங்கிக்கிட்டுத்தான் அவர் ரயிலை விடுவார்.

"நம்பர் குடுத்தாச்சுன்னா குடுத்தாச்சு," னு எங்க அம்மா குரல்லயே இழுத்தா எவி. அப்படியே அம்மா மாதிரியே.

ஆமா. குடுத்தாச்சுன்னா குடுத்தாச்சு. அந்த வண்டி போற வரைக்கும் கேட்டைத் தொறக்கக் கூடாது, யாரு வந்தாலும். ஏன்னா அந்த ஒரு நம்பரை நம்பித்தான் ரயில் வருது. உள்ள முறுக்கு திங்கிறவங்க, தூங்குறவங்க, ஜன்னல்ல வேடிக்கை பாக்குற புள்ளைங்க, அத்தனை பேரும் அதை நம்பித்தான் வர்றாங்க. பிலோமினா யாருன்னே அவங்களுக்குத் தெரியாது.

அப்புறம் கொடி. பச்சைக் கொடியை நீட்டினா போகலாம், செவப்பைக் காட்டினா நில்லு. கையில கொடி இல்லேன்னா?

போர்வைக்குள்ள இருந்து ரெண்டு குட்டிக் கை சரக்குனு மேல போச்சு. "நில்லு!" அப்புறம் ஒரு கை மட்டும் பக்கவாட்டுல நீண்டு என் மூக்குல இடிச்சுது. "போகலாம்!"

கெட்டிக்காரி. ஹால்ல சேரை எல்லாம் வரிசையா போட்டு அம்மாச்சியும் நீயும் ரயில் விடுவீங்கள்ல. சரி, கையை உள்ள வை, குளிருது.

அப்போ அந்தப் பிலோமினாவுக்கு மூணு சோதனை வந்துச்சு.

"மூணா?"

மூணு.

மொதல் சோதனை ஒரு வெள்ளைக் கார்ல வந்துச்சு. சர்ர்ர்னு வந்து கேட்டுக்கு முன்னால கீச்ச்ச்னு நின்னுச்சு. பாம் பாம் பாம்! கண்ணாடியை இறக்கி ஒரு பெரிய மனுஷர் தலையை நீட்டினார். வேட்டி வெள்ளை, சட்டை வெள்ளை, மீசை மட்டும் கறுப்பு.

"ஏம்மா, தொற. அவசரமா போகணும்."

"நம்பர் குடுத்துட்டேங்கய்யா."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா. வர்ற இன்ஜினுக்கும் தெரியாது."

எவி சிரிச்சா. இந்த இடத்துக்கு எப்பவும் சிரிப்பா. நானும் சின்னதுல சிரிச்சிருக்கேன். பெஞ்சுக்கு அடியில கோணியை விரிச்சுப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டே இதை நேர்ல பாத்தவ நான்.

பெரிய மனுஷருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "உன்னை நாளைக்கே கடலோரம் மண்டபம் ஸ்டேஷனுக்குத் தூக்கி அடிக்கிறேனா இல்லையா பாரு!" "அனுப்புங்கய்யா, அங்க மீன் ஃபிரெஷ்ஷா கிடைக்குமாம்." அப்போ தடக் தடக் தடக் தடக், ஒரு ரயில் போச்சு. "போயிடுச்சுல்ல, இப்ப தொற!" பிலோமினா தொறக்கல. "அடியே, உனக்குக் கண்ணு தெரியலையா?" கார் டிரைவர் இறங்கிக் கம்புக்குக் கீழ குனிஞ்சு எட்டிப் பாக்கலாம்னு தலையை விட்டார் பாரு... விஷ்ஷ்ஷ்ஷ்ஷ்! எதிர்த் தண்டவாளத்துல இன்னொரு ரயில்! அவர் தோள்துண்டு பறந்து போயி வேப்பமரத்துல மாட்டிக்கிச்சு.

"துண்டு மட்டும்தான்."

துண்டு மட்டும்தான். டிரைவர் அப்படியே ரோட்டுல உக்காந்துட்டார். பிலோமினா ரெண்டு வண்டிக்கும் நம்பர் குடுத்திருந்தாங்க. அப்புறம் ரெண்டாவது வண்டி போன நேரத்தையும் நோட்டுல எழுதிட்டு, கேட்டைத் தொறந்துட்டு, பானையில இருந்து ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுத்தாங்க. டிரைவருக்கு இல்ல, பெரிய மனுஷருக்கு. அவர்தான் ஒரே மூச்சுல சொம்பைக் காலி பண்ணார்.

"மண்டபத்துக்கு அனுப்பினாங்களா?"

இல்ல. மறு வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா கேக் அனுப்பினார்.

"ம்."

அவ கண்ணு சொருகுது. இப்படியே தூங்கிட்டா நாளைக்குச் சொல்லிக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. வெக்கமா இருந்துச்சு. நடுவுல கதையில இல்லாத ஒண்ணைச் சொன்னேன். அம்மா இதை ஒரு நாளும் இவகிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க.

அந்தப் பிலோமினாவோட பொண்ணு கான்வென்ட் ஹாஸ்டல்ல சேர்ந்தா எவி. அங்க எல்லாப் புள்ளைங்களும் எங்கப்பா டாக்டர், எங்கப்பா மேனேஜர்னு சொன்னாங்க. இவ, எங்கம்மா ஸ்டேஷன் மாஸ்டர்னு சொல்லிட்டா.

"பொய்!"

பொய்தான். ஒரு நாள் பெற்றோர் கூட்டம். டியூட்டி முடிஞ்சு நேரா வந்து நிக்கிறாங்க பிலோமினா. காலெல்லாம் புழுதி, கக்கத்துல சுருட்டின ரெண்டு கொடி. சிஸ்டர் சந்தோஷமா, "வாங்க வாங்க, நீங்கதான் ஸ்டேஷன் மாஸ்டரா?"ன்னு கேட்டாங்க. பொண்ணுக்குத் தரையைப் பொளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. பிலோமினா பொண்ணு மூஞ்சியை ஒரு தடவை பாத்தாங்க. "ஆமா சிஸ்டர். சின்ன ஸ்டேஷன். ஒரே ரூமு," ன்னாங்க.

"திட்டலையா?"

வெளிய வந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல நின்னு சொன்னாங்க, "ஏண்டி ஜெனி, அந்த ஸ்டேஷன் மாஸ்டர் தினம் யாருகிட்ட நம்பர் கேக்குறார்? எங்கிட்டதானே. அதைச் சொல்ல வேண்டியதுதானே." அவ்ளோதான். அப்புறம் ரெண்டு பேரும் பப்ஸ் வாங்கித் தின்னோம்.

"ரெண்டாவது சோதனை நான்தானே?" எவிக்குத் தூக்கம் கலைஞ்சு குரல் பிரகாசமாச்சு. அவளுக்குப் புடிச்ச இடம் இதுதான்.

ரெண்டாவது சோதனை நீதான். அப்பா கோயம்புத்தூர்ல வேலையில இருந்தார். பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. ஆட்டோவுல ஏத்திட்டாங்க. டொர்ர்ர்னு கேட்டுக்கு வந்தா, கேட் மூடியிருக்கு. நாள் பாத்து அன்னைக்கு டியூட்டியில யாரு?

"அம்மாச்சி!"

பொண்ணு ஆட்டோவுல இருந்து கத்துறா, "அம்மா! தொறம்மா! செத்துருவேன்மா!" பிலோமினா ஓடி வந்தாங்க. பொண்ணு கன்னத்தை ரெண்டு கையாலயும் புடிச்சாங்க. கை சுட்டுச்சு, வெயில்ல கிடந்த இரும்பைத் தொட்ட கை. "நம்பர் குடுத்துட்டேன்டி," ன்னாங்க. சொல்லிட்டுத் திரும்பிப் போயி, பச்சைக் கொடியை எடுத்துக்கிட்டுத் தண்டவாளத்துப் பக்கம் நின்னுட்டாங்க. முதுகைக் காட்டிக்கிட்டு.

பின்னாடி டவுன் பஸ் நின்னுச்சு. அதுல இருந்தவங்க எல்லாம் வைய ஆரம்பிச்சுட்டாங்க. "பெத்த மகளாம்யா! இவளுக்கு நெஞ்சுல என்ன, ஜல்லிக்கல்லா?" அப்போ பஸ்ல இருந்து பனங்கிழங்குக் கூடையோட ஒரு அக்கா தொம்முனு குதிச்சாங்க. "வாய் பேசுனது போதும். ஆம்பளைங்க எல்லாம் பஸ்ஸைப் பாத்துத் திரும்பி நில்லுங்கய்யா! பொம்பளைங்க சேலையைப் புடிங்க!" பொண்ணைத் தூக்கிக் கேட் ரூமுக்குள்ள அந்தப் பெஞ்சுல படுக்க வச்சாங்க. அவ அடியில படுத்து வீட்டுப்பாடம் எழுதுன அதே பெஞ்சு.

அப்போ வந்துச்சு கூட்ஸ் வண்டி. தடக்... தடக்... தடக்... தடக்... நாப்பத்தி ரெண்டு பெட்டி. ரூமே ஆடுது. பானையில தண்ணி தளும்புது. பொண்ணு கத்துறது அவளுக்கே கேக்கல. முப்பத்தெட்டு, முப்பத்தொம்போது, நாப்பது, நாப்பத்தொண்ணு... கடைசிப் பெட்டி போச்சு. கப்புனு எல்லாம் அமைதியாச்சு. அந்த அமைதியில ஒரு சத்தம்.

"ங்ஙா... ங்ஙா..." னா எவி. வருஷக்கணக்கா இந்தச் சத்தம் அவளோட வேலை.

பிலோமினாவுக்குக் கேட்டுச்சு. கேட்டும் உடனே ஓடி வரல. கொடியைச் சுருட்டினாங்க. கேட்டைத் தொறந்தாங்க. நோட்டுல வண்டி போன நேரத்தை எழுதினாங்க. பத்து பதினேழு. அதுக்கப்புறம்தான் ரூமுக்குள்ள வந்து உன்னைப் பாத்தாங்க. "கூட்ஸ் வண்டியில பாசஞ்சர் வந்திருக்குடி," ன்னாங்க.

"அதான் என்னைப் பாசஞ்சர்னு கூப்பிடுறாங்க."

அதான்.

ஊரெல்லாம் சிரிச்ச கதை இது. எனக்கு மட்டும் அஞ்சு வருஷமா உள்ள ஒரு முள்ளு. அந்த முதுகு. மக கத்துறப்ப திரும்பாத முதுகு. அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டேன், "நான் செத்திருந்தா?" அம்மா அரிசியில கல் பொறுக்கிக்கிட்டே, "அதை நெனைக்காம இருக்கத்தான் பெட்டியை எண்ணினேன்," ன்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல, அவங்களும் சொல்லல.

"அம்மா, மூணாவது?"

தண்ணி வேணுமா எவி?

"வேணாம். மூணாவது சோதனை யாரு வந்தா?"

இந்த மூணாவது அம்மாவோட கதையில கிடையாது. அம்மா கதையில மூணாவதா ஒரு யானை வரும், கரும்புக்கட்டுக்காகக் கேட்டைத் தொறக்கச் சொல்லும். யானையைச் சொல்லிடலாம். எவி மூணு விரலைத் தூக்கிக் காட்டுறா.

மூணாவது தடவை பிலோமினா கேட்ல இல்ல. ரிட்டையர் ஆயிட்டாங்க. கேட்ல மிலிட்டரி தாத்தா இருந்தார்.

"தர்மலிங்கம் தாத்தா. பட்டாளத்துல இருந்தவரு. மீசை குத்தும்."

அவரேதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில பிலோமினா பேத்திக்கு ரெட்டைச் சடை போட்டாங்க. வேன்ல ஏத்தினாங்க. வாசல்ல நின்னு ஒரு கையை நீட்டி, "பாசஞ்சர் ஏறியாச்சு, வண்டி போகலாம்," ன்னாங்க. உள்ள வந்து வெங்காயம் உரிக்க உக்காந்தாங்க. அப்புறம் கத்தியைக் கீழ வச்சுட்டு, "ஜெனி, நெஞ்சு மேல யாரோ அந்தப் பெஞ்சைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு," ன்னாங்க.

"ம்."

ஆம்புலன்ஸ் வந்துச்சு. வீ...வோ... வீ...வோ... பிலோமினாவைப் படுக்க வச்சு மூக்குல ஆக்சிஜன் போட்டாங்க. பக்கத்துல பொண்ணு. கேட்டுக்கு வந்தா...

"மூடியிருந்துச்சு."

மூடியிருந்துச்சு. முன்னாடி ஏதோ ஒரு மஞ்ச வண்டி நின்னுச்சு. ஆம்புலன்ஸ் அதுக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. பொண்ணு கதவைத் தள்ளிட்டு இறங்கி ஓடினா. "தாத்தா, தொறங்க! அம்மா! அம்மா உள்ள இருக்காங்க!" அவருக்கு வாய் கோணிடுச்சு. கண்ணுல தண்ணி முட்டுது. "நம்பர் குடுத்துட்டேனேம்மா," ன்னார். "உங்கம்மாதான் எனக்கு இந்த ரூமைக் காமிச்சுக் குடுத்தவங்க. அவங்களையே கேளு தாயி," ன்னுட்டு, கொடியை எடுத்துக்கிட்டு வண்டி வர்ற திசையைப் பாத்து நின்னுட்டார். முதுகைக் காட்டிக்கிட்டு.

இதுக்கு மேல நான் என் வீட்டுக்காரர்கிட்டயே சொல்லல. சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல கூடச் சொல்லல. இருட்டுல, பாதித் தூக்கத்துல இருக்குற அஞ்சு வயசுப் புள்ளைகிட்ட சொல்லிட்டேன். கதையில வர்ற ஒரு பொண்ணு செஞ்சதாத்தானே சொல்றேன்.

அந்தப் பொண்ணு அந்த ரூம்ல வளந்தவ. சாவி எந்த ஆணியில இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டே எடுப்பா. ஓடினா. எடுத்தா. பூட்டைத் தொறந்தா. கைப்பிடியைப் புடிச்சா. கிர்ர்க். கேட் ஒரு சாண் ஏறுச்சு. கிர்ர்க். இன்னொரு சாண். கிர்ர்க். பக்கத்துல நின்ன வண்டிக்காரர் கேட் ஏறுதுன்னு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணார். ட்ர்ர்ர்...

"பிரான்சிஸ் அங்கிள்," னா எவி.

யாரு?

"பிரான்சிஸ் அங்கிள்ம்மா. எங்க வேன் டிரைவர்."

எனக்குப் புரியல. நெஜமாவே புரியல. அவ போர்வையை விலக்கிட்டு எந்திரிச்சு உக்காந்தா. கதை சொல்ற குரல்ல, ஒவ்வொண்ணா, பொறுமையா சொன்னா.

"எங்க வேன்தான் அன்னைக்கு ஃபர்ஸ்ட்டு நின்னுச்சு. நாங்க மேட்டுப்பட்டி எல்லாம் சுத்திட்டு வந்தோமா, கேட் மூடிட்டாங்க. அப்போ பக்கத்துல ஆம்புலன்ஸ் வந்துச்சு. கதவு தொறந்துச்சு. நீ இறங்கி ஓடுன. நான் அம்மா அம்மான்னு கூப்பிட்டேன், நீ பாக்கல."

மஞ்ச வண்டி. நான் அதுமேல உரசிக்கிட்டுத்தான் ஓடினேன். கையில அதோட தூசி ஒட்டியிருந்துச்சு, ஆஸ்பத்திரியில கழுவினேன். மஞ்சளா ஏதோ வண்டின்னுதான் இந்த மூணு நாளும் என் தலைக்குள்ள இருந்துச்சு. ஏதோ வண்டி.

"உள்ள அம்மாச்சி படுத்திருந்தாங்க. மூக்குல அதைப் போட்டுக்கிட்டு. நான் டாட்டா காட்டினேன். அம்மாச்சி என்னைப் பாத்தாங்க."

பாத்தாங்களா?

"ம். நல்லா பாத்தாங்க. அப்புறம் கேட் ஏறுச்சா, பிரான்சிஸ் அங்கிள் ஸ்டார்ட் பண்ணாரா, வேன் கொஞ்சமா போச்சு. அப்போ அம்மாச்சி டக்குனு எந்திரிச்சு ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாங்க. அந்த வயரெல்லாம் பிச்சுக்கிச்சு. அந்த ஆம்புலன்ஸ் அண்ணன் படுங்கம்மா படுங்கம்மான்னு கத்துனார். நான் சொன்னேன், அங்கிள் நில்லுங்க, எங்க அம்மாச்சி நில்லுன்னு சொல்றாங்க. நானும் தூக்கினேன். எல்லாரும் தூக்கினாங்க. வேன்ல எல்லாரும்."

அந்தக் கத்தலுக்குத்தான் நான் திரும்பினேன். தொறந்த கதவுக்குள்ள, வெள்ளை விரிப்பு மேல, எங்க அம்மா ரெண்டு கையையும் தூக்கி உக்காந்திருந்தாங்க. விரல் விரிஞ்சு நேரா நின்னுச்சு. என் கை கைப்பிடியிலேயே உறைஞ்சு போச்சு. அப்படியே எதிர்ப்பக்கம் சுத்தினேன். கம்பு இறங்குச்சு. இறங்கி ஒரு மூச்சு விடல. தடக் தடக் தடக் தடக்னு என் சேலையை இழுத்துக்கிட்டு ரயில் போச்சு.

மூணு நாளா நான் நெனைச்சது வேற. சாகுற நேரத்துலயும் அம்மாவுக்கு நம்பர்தான் பெருசு, நான் பெருசில்லைன்னு நெனைச்சேன். அந்த முதுகை மாதிரியே இதையும் ஒரு முள்ளா உள்ள வச்சுக்கிட்டு, சவப்பெட்டிக்குப் பக்கத்துல கல்லு மாதிரி நின்னேன். எல்லாரும் அதிர்ச்சியில இருக்கான்னு சொன்னாங்க. அதிர்ச்சி அது இல்ல. இப்பதான். கேட் ஏறியிருந்தா அதுல மொதல்ல நுழைஞ்சிருக்க வேண்டிய வண்டியில என் புள்ளை உக்காந்திருந்தா. சுத்தினது நான். என் கை. என் பல்லு ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிச்சு, நிறுத்த முடியல.

"அம்மா, ஏன் ஆடுற?"

ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

"அப்புறம் ரயில் போச்சு. நான் எண்ணினேன், பன்னெண்டு பெட்டி. அப்புறம் தர்மலிங்கம் தாத்தா வந்து உங்கிட்ட இருந்து சாவியை வாங்கிட்டார். உன்னைத் திட்டவே இல்ல."

ம்.

"கேட்டைத் தொறந்தார். அம்மாச்சி ஒரு கையை இப்படி நீட்டினாங்க. போகலாம்னு. படுத்துக்கிட்டே. ஆம்புலன்ஸ் ஃபர்ஸ்ட்டு போச்சு, அப்புறம் நாங்க போனோம்."

ம்.

"ஆஸ்பத்திரில அம்மாச்சி செத்துட்டாங்களா?"

எத்தனையோ வாக்கியம் யோசிச்சு வச்சிருந்தேன். இயேசுகிட்ட போயிட்டாங்க, நட்சத்திரமாயிட்டாங்க, தூங்குறாங்க.

ம்.

"எப்ப?"

மத்தியானம். நீ லஞ்ச் பாக்ஸைத் தொறந்திருப்ப, அந்த நேரம்.

"லெமன் சாதம். அம்மாச்சி கட்டுனது." அப்புறம் உதடு பிதுங்குச்சு. "ஏன் எங்கிட்ட ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க?"

பயந்துட்டேன் எவி.

"ரயில் மோதியிருக்கும்னா?"

எல்லாத்துக்கும்.

அவ என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதா. சத்தமில்லாம, மூக்கை என் தோள்ல தேச்சுத் தேச்சு. நானும் அழுதேன். செவ்வாய்க்கிழமையில இருந்து அப்பதான். ரொம்ப நேரம் கழிச்சு என் காதுல வாயை வச்சு ரகசியமா சொன்னா, "நீ கேட்டைத் தொறந்ததை நான் யாருகிட்டயும் சொல்லல. பெரியப்பாகிட்டக் கூட. பிரான்சிஸ் அங்கிள் கேட்டதுக்கு, அது வேற ஆன்ட்டின்னு சொல்லிட்டேன்."

அன்னைக்கு எனக்காக அம்மா சிஸ்டர்கிட்ட சொன்னது காதுல கேட்டுச்சு: சின்ன ஸ்டேஷன் சிஸ்டர். ஒரே ரூமு.

நாளைக்கு நாமளே போயி சொல்லிடலாம் எவி. பிரான்சிஸ் அங்கிள்கிட்டயும், தர்மலிங்கம் தாத்தாகிட்டயும், அப்பாகிட்டயும். அது வேற ஆன்ட்டி இல்ல, எங்க அம்மாதான்னு.

"திட்டுவாங்களே."

திட்டட்டும்.

"ம்." தலகாணியைத் தட்டிச் சரி பண்ணிட்டு, அம்மாச்சி பக்கமா, தைல வாசனை அடிக்கிற பக்கமா படுத்தா. "கதை முடிஞ்சா அம்மாச்சி ஒண்ணு சொல்லுவாங்கள்ல. நீ சொல்லவே இல்ல."

நீ சொல்லு.

"வண்டி போச்சு, கேட் தொறந்தாச்சு..." நிறுத்திட்டு என் முகத்தையே பாத்தா. "மிச்சம் நீ."

கண்ணு ரெண்டும் மூடியாச்சுன்னு முடிச்சேன்.

அவ கண்ணை மூடிக்கிட்டா. ஒரு கையை மட்டும் போர்வைக்கு வெளிய எடுத்து, பக்கவாட்டுல நேரா நீட்டினா. கொஞ்ச நேரத்துல அது தளந்து என் நெஞ்சு மேல விழுந்துச்சு. நான் அதை எடுக்கல.